பாலையூற்றுக்காரனுக்குப் பாலை தெரியாது

உப்புவெளியில் மச்சான் ஒரு சின்ன விடுதி வைத்திருக்கிறார். ஐந்து அறைகள், முன்னால் ஒரு வேம்பு, பின்பக்கத்தால் இறங்கினால் நாலு நிமிட நடையில் கடல். சாவிகள் தொங்கும் பலகைக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பட்டியல் இருக்கிறது. 'திருகோணமலையில் பார்க்க வேண்டியவை' என்று மூன்று மொழியிலும் அச்சடித்து, லெமினேட் பண்ணி, நாலு மூலைக்கும் ஆணி அடித்து வைத்தது நான்தான். கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, கோட்டைக்குள் மான், புறாத்தீவு, நிலாவெளிக் கடற்கரை, மார்பிள் பீச், திமிங்கிலம் பார்க்கப் போகும் படகு, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளி ரோட்டில் இருக்கும் யுத்தக் கல்லறைத் தோட்டம். மொத்தம் ஒன்பது. எழுதி முடித்த அன்று முழு ஊரையும் ஒரு தாளுக்குள் அடக்கிவிட்ட பெருமை எனக்கு. வருகிற ஆக்களும் அதைத்தான் போனில் படம் பிடித்துக்கொண்டு கிளம்புவார்கள். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

போன வருடத்திலிருந்து அந்தத் தாளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. அதில் ஒரு பிழையும் இல்லை, ஒன்பதும் நல்ல இடங்கள்தான். எரிச்சலுக்குக் காரணம் நாட்டின் மறுமுனையில், தெனியாயவுக்குப் பக்கத்தில், ஓர் ஓடைக்கரையில் ஒரு பொடியன் என்னிடம் கேட்ட கேள்வி. அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு மறந்தும் போயிருப்பான்.

அட்டை

எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்கு வேலை இடமாற்றம் தெனியாயவில் கிடைத்தது. பாவம், தனியாக இருக்கிறான், போய்ப் பார்ப்போம் என்று மூன்று பேர் வான் பிடித்துப் போனோம். உண்மையைச் சொன்னால், பக்கத்தில் இருக்கும் சிங்கராஜா மழைக்காட்டைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் முக்கால்வாசி. ஐந்தாம் வகுப்பிலிருந்து படித்த பெயர். 1988இல் உலக மரபுரிமையாக்கினார்கள் என்று பரீட்சைக்கு எழுதிய பெயர். ஈரவலயத்துக்குப் பச்சை, உலர்வலயத்துக்கு மஞ்சள் என்று நிறம் தீட்டிய இலங்கைப் படத்தில், அந்தத் தென்மேற்கு மூலையைப் பென்சில் முறியும்வரை அழுத்தித் தீட்டியிருக்கிறேன்.

காட்டுக்குள் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். எங்களுக்கு வாய்த்தவனுக்கு இருபத்துநாலு, இருபத்தைந்து வயதிருக்கும். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறா. நாங்கள் எங்களுக்குள் கதைத்ததைக் கேட்டுவிட்டு, "நீங்க தமிழாண்ணே? எந்தூரு?" என்று அவன் சிரித்த சிரிப்பில் பயணக் களைப்பு பாதி போய்விட்டது. வெள்ளைக்காரர்களுக்கு ஆங்கிலத்திலும் கொழும்புக்காரர்களுக்குச் சிங்களத்திலும் சொல்லிச் சொல்லி, தமிழில் ஒருநாளும் இந்தக் காட்டைச் சொன்னதில்லையாம். நாங்கள் 'வாங்கோ, போங்கோ', அவன் 'வாங்க, போங்க'. ஒரு மணி நேரத்தில் இரண்டும் கலந்துவிட்டது.

நுழையும் முன்பே அட்டைக்கதை தொடங்கியது. எங்கள் ஊரில் அட்டை என்றால் முதலில் கடலட்டைதான் ஞாபகம் வரும். முங்கி எடுத்து, அவித்து, காய வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் காசுள்ள அட்டை. இது வேறு சாதி. ஈர்க்குக் கனத்தில், இலை நுனியில் எழுந்து நின்று, காற்றில் தலையை ஆட்டி ஆளைத் தேடுகிறது. அவன் முழங்கால்வரை காலுறை தந்து, மேலே சவர்க்காரம் தடவச் சொன்னான். தடவினோம். ஆனாலும் எப்படியோ என் இடுப்பு வார்வரைக்கும் ஒன்று ஏறிவிட்டது. கடித்தது தெரியவே இல்லை, இரத்தம் ஓடினபிறகுதான் தெரிந்தது. இரத்தம் உறையாமலிருக்க என்னவோ விடுகிறது, அதனால்தான் நிற்காமல் வடிகிறது, பயப்படாதீங்க என்றான். பயப்படாமல் இருக்கச் சட்டை கொஞ்சம் குறைவாக நனைந்திருக்கலாம்.

மழைக்காடு என்ற சொல்லை நான் அதுவரை மழை பெய்யும் காடு என்று மட்டும் விளங்கி வைத்திருந்தேன். எங்கள் ஊரில் ஆண்டு முழுவதும் விழுகிற மழையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அங்கே விழுகிறது. எங்களுக்கு ஐப்பசியில் தொடங்கித் தைக்குள் பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடும். அங்கே மாதம் பார்த்துப் பெய்வதில்லை. அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்பதுதான் அங்குள்ள இலைகளின் முழுக் கவலையும் போலிருக்கிறது. அவன் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினான். நுனி வால்போல நீண்டிருந்தது. விழுந்த தண்ணீர் அந்த வால் வழியாக வடிந்து சொட்டுகிறது. தேங்கினால் பாசி பிடித்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடாம். ஹொர, நா, கெக்குன என்று அண்ணாந்து பார்க்கும் மரங்களையெல்லாம் பெயர் சொல்லித் தட்டித் தட்டி நடந்தான், சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துகிற மாதிரி. பூச்சியைப் பிடிக்கும் குடுவைச்செடியைக் காட்டினான். ஒரு கிளையில் பச்சை விரியன் சுருண்டு கிடந்தது. அவன் விரல் நீட்டிக் காட்டிய பிறகும் அரை நிமிடம் எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை.

பிறகு கையை உயர்த்தி, "அசையாதீங்கண்ணே, கூட்டம் வருது" என்றான். அதுவரை காடு ஊமையாகக் கிடந்தது. முதலில் கீச்சுக் கீச்சென்று ஒரு சலசலப்பு. செம்மஞ்சள் அலகுள்ள தவிட்டுக் குருவிகள் பத்துப் பதினைந்து, இலைச்சருகைக் கிளறியபடி எங்களைக் கடந்தன. அவற்றின் பின்னால் கொண்டை வைத்த கரிக்குருவி. அதற்கும் பின்னால், மேலே, நடுவில், கீழே என்று வேறு வேறு சாதிப் பறவைகள், ஒரு கல்யாண ஊர்வலம் போல. பல இனங்கள் சேர்ந்து இரை தேடுகிற கூட்டமாம். ஒன்று கிளப்பிவிடும் பூச்சியை இன்னொன்று பிடிக்கிறது, பருந்து வந்தால் கரிக்குருவி கத்தி அறிவிக்கிறது. சிங்கராஜாவில் இந்தக் கூட்டங்களை 1980களின் தொடக்கத்திலிருந்தே ஆராய்ந்து வருகிறார்கள். அந்தச் சின்ன விரிவுரை முடிவதற்குள் ஊர்வலம் போய்விட்டது. மறுபடியும் சொட்டுச் சத்தம் மட்டும்.

ஓடையில் கேட்ட கேள்வி

திரும்பும் வழியில் ஓடையில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். ஒவ்வொருவராக அட்டை எண்ணினோம். நான் பதினொன்று. நல்ல மனநிலை, பசி, ஈரம். அப்போதுதான் கேட்டான்.

"உங்க ஊர்லயும் காடு இருக்காண்ணே?"

"இருக்கு, நிறைய இருக்கு."

"என்ன மரமெல்லாம் இருக்கும்?"

நான் வாயைத் திறந்தேன். வேம்பு என்று வந்தது, அது வீட்டு மரம். பனை, தென்னை. அவன் காத்துக்கொண்டிருந்தான். முதிரை என்றேன், கதவு நிலைக்குப் போடுவது தெரியும். மற்ற இருவரும் எனக்கு உதவி செய்யாமல் தண்ணீரைப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவன், "எங்கட ஊரில கடல்தான் தம்பி விசேஷம்" என்று சமாளித்தான்.

அவன் விடவில்லை. கிண்டலுக்காக அல்ல, அவனுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. "டவுன்லதான் இருக்கீங்களா?" என்றான். இல்லை, கொஞ்சம் வெளியே, பாலையூற்று என்றேன். "பாலைன்னா?" அது ஒரு மரம் என்றேன். "எப்புடிண்ணே இருக்கும்? எல என்ன மாதிரி?"

எனக்குத் தெரியவில்லை. பிறந்து, வளர்ந்து, அடையாள அட்டையில் அந்தப் பெயரை நாற்பது வருடமாகச் சுமக்கிறேன். பாலை என்றால் பிரிவு, பாலைத்திணை என்று தமிழ்ப் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி எடுத்திருக்கிறேன். இலை நீளமா வட்டமா என்று கேட்டால் தெரியாது. அவன்தான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பலுவா இருக்கும்ணே. சிங்களத்துல பலுன்னு சொல்லுவாங்க, வழிகாட்டிப் பயிற்சியில படிச்சேன். கரடிக்கு ரொம்பப் புடிக்குமாம். நான் பாத்ததில்ல" என்றான். என் ஊர்ப் பெயரில் இருக்கும் மரத்தை, அந்த மரம் முளைக்கவே முளைக்காத ஈரவலயத்தில் பிறந்த ஒருவன் எனக்குச் சொல்லித் தந்தான். தமிழில் இந்தக் காட்டு மரங்களுக்கு என்ன பேர் என்று தனக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் வருத்தம் என்றும் சொன்னான். அவனிடம் மரம் இருந்தது, தமிழ்ப் பெயர் இல்லை. எனக்கு நேர்மாறு.

வான் திரும்பி வரும்போது ஹபரணை தாண்டியதும் வழக்கமாகத் தூங்கிவிடுவேன். அன்றைக்குத் தூங்கவில்லை. கந்தளாய்வரை இரண்டு பக்கமும் காடு வந்துகொண்டே இருந்தது. வழக்கமாக அதில் யானை நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். வான் வெளிச்சத்தில் அடிமரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஒன்றுக்கும் பெயர் தெரியவில்லை.

முதுகுப்பக்கம்

கடலைப் பற்றிக் கேட்டிருந்தால் அந்தப் பொடியனை நான் இருட்டும்வரை இருத்தியிருப்பேன். கொட்டியாரக் குடாவிலிருந்து கடலுக்கடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு வெளியே இறங்குகிறது, அதனால் கரைக்குப் பக்கத்திலேயே அடிகாணாத ஆழம், அதனால்தான் நீலத்திமிங்கிலம் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையிலிருந்து பார்க்கிற தூரத்துக்கே வருகிறது. புறாத்தீவில் மாடப்புறா இருப்பதால் அந்தப் பெயர், 2003இல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், பவளப்பாறைக்கு மேலே கருநுனிச் சுறாக்குஞ்சுகள் முழங்கால் தண்ணீரில் திரியும், ஒன்றும் செய்யாது. சோளகக் காற்று எப்போது, வாடைக் காற்று எப்போது, எந்த மாதத்தில் கடல் குளம்போலக் கிடக்கும், எப்போது வள்ளத்தை மேலே இழுத்து வைக்க வேண்டும், எல்லாம் சொல்வேன். கடலோடிக் குடும்பமும் இல்லை நாங்கள். அப்பா எழுதுவினைஞர். ஆனாலும் இந்த ஊரில் பிறந்தவனுக்குக் கடல் தானாக வந்துவிடும். முகம் அந்தப் பக்கம்.

முதுகுப் பக்கத்தில் இருந்தது காடு. நகரத்தை விட்டு எந்த ரோட்டில் போனாலும் அரை மணி நேரத்தில் அது வந்துவிடும். ஆனால் என் வயதுக்காரருக்குக் காடு என்ற சொல்லே வேறு மாதிரித்தான் காதில் விழுந்தது. 'காட்டுப்பக்கம் போகாதே' என்று அம்மா சொன்னால் பாம்புக்காகச் சொல்லவில்லை. விறகுக்குப் போனவர், தேனுக்குப் போனவர், மாடு தேடிப் போனவர் பற்றிய கதைகள் பாதியிலேயே நின்றுவிடும், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பெரியவர்கள் கண் காட்டுவார்கள். ரோட்டோரக் காட்டை இரண்டு பக்கமும் வெட்டி வெளியாக்கி வைத்திருந்தார்கள். அதற்கப்பால் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, மிதிவெடி கவனம். நான் படித்து முடித்து வேலைக்குப் போகும்வரை அதுதான் காடு. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு பலகைகள் மெல்ல மெல்லப் போயின. எங்களுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வரவில்லை, அவ்வளவுதான். சும்மா கிடந்த கடற்கரைகளுக்குத்தான் எல்லோரும் ஓடினோம்.

இதை ஒரு சாட்டாகச் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம். ஒரு மரத்தின் பெயரைக் கேட்டறிய எத்தனை வருடம் வேண்டும்? பள்ளிக்கூடத்திலும் குற்றம் சொல்லலாம். 'உலர்வலயம்' என்று அவர்கள் சொல்லித் தந்த சொல் மனதில் காய்ந்த முட்பற்றையாகவே பதிந்துவிட்டது. மழைக்காடு என்றால் வாய் பிளக்கிறோம். நம்முடையதைப் பற்றை என்கிறோம்.

மாமா

என் அம்மாவின் தமையனுக்கு எழுபத்துநாலு வயது. மரக்காலையில் மரம் அளப்பவராக வேலை செய்தவர். அதற்கு முந்திய இளவட்ட வயதில் மாட்டுவண்டியில் காட்டுக்குப் போய், கம்பு, தேன், பழம் என்று கொண்டுவந்தவர். இப்போது முழங்கால் நோவு, அதிகம் வெளியே போவதில்லை. "மாமா, பாலை மரம் காட்டுவீங்களா?" என்று போய்க் கேட்டபோது, நான் காணி வாங்கப் போகிறேனாக்கும் என்று நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "உனக்கு இப்பதான் ஞாபகம் வந்ததோ" என்றார். அடுத்த நாள் காலை ஐந்தரைக்குத் தொப்பியோடு வாசலில் நின்றார்.

அநுராதபுர ரோட்டில் கன்னியா தாண்டிப் பன்குளப் பக்கமாகப் போய், ஒரு குளக்கட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினோம். உள்ளே போக விடவில்லை. கட்டில் நின்றே பார்க்கலாம், யானை தண்ணிக்கு வந்துபோகிற நேரம் என்றார். முதலில் இலத்தி கிடந்ததைப் பார்த்து, மேலோடு காய்ந்திருக்கிறதா என்று குச்சியால் குத்தினார். நேற்றையது, பரவாயில்லை. எனக்கோ மரங்களைவிட அந்த இலத்தியிலேயே கண். சரி, வந்தாயிற்று என்று, கட்டுக்குக் கீழே பெரிதாக நின்ற ஒன்றைக் காட்டி, "இதுதானே பாலை?" என்றேன்.

"உது வீரையடா" என்றார். "அடிமரத்தைப் பார்." பார்த்தேன். வெளிறிய பட்டை, அடிமரம் நேராக இல்லாமல் பள்ளமும் மேடுமாக, பல கால்களைச் சேர்த்து முறுக்கிக் கட்டியது போல. அடியில் இருந்த பொந்துக்குள் ஒரு பிள்ளை ஒளிக்கலாம். பிறகு ரோட்டோரமாக நூறு மீட்டர் நடத்திப் பாலையைக் காட்டினார். கரும்பட்டை, வெயிலில் வெடித்த களிமண் போலப் பாளம் பாளமாக. நகத்தால் இலைக்காம்பைக் கிள்ளினார், வெள்ளைப் பால் கசிந்தது. "இதுக்குத்தான் பேர்." இலையை என் உள்ளங்கையில் வைத்தார். தடிப்பு, தோல்போல. மேற்புறம் கரும்பச்சைப் பளபளப்பு, கீழ்ப்புறம் வெளிறல். நுனியில் வால் இல்லை. நுனி இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு வெட்டு, யாரோ பல்லால் கடித்து எடுத்தது போல. சிங்கராஜா இலையும் இந்த இலையும் என் மனதில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. அங்கே தண்ணீரை எப்படி உதறுவது என்று தவிக்கிறது இலை. இங்கே ஆறேழு மாத வெயிலில், இருக்கிற ஒரு துளியை எப்படி விடாமல் பிடிப்பது என்று மெழுகு பூசிக்கொண்டு நிற்கிறது. ஆடி வெயிலில் சுற்றிலும் புல் வைக்கோலாகிக் கிடந்தாலும் பாலையும் வீரையும் இலை உதிர்க்காது. அந்தப் பச்சையை நான் நாற்பது வருடமாக பஸ் யன்னலால் பார்த்திருக்கிறேன், ஒருநாள்கூட எப்படி என்று கேட்டதில்லை.

பிறகு அவருக்கு வாய் திறந்துவிட்டது. முதிரை அறுக்கும்போது தூள் பட்டால் தோல் தடிக்கும், ஆனால் இழைத்துவிட்டால் பட்டுப்போல மின்னும். பாலை ஆளை அடிக்கும் பாரம், தண்ணீரில் தாழும், ஆணி இறங்காது, ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகப் போட்டதே அதனால்தான். கருங்காலியைக் கண்டு எவ்வளவு காலம் என்று பெருமூச்சு விட்டார். முரலிப்பழம், உலுவிந்தம்பழம், சூரைப்பழம், காரைப்பழம் என்று பழங்களாகவே சொல்லிக்கொண்டு போனார். அந்தப் பெயர்கள் எனக்கும் தெரியும், அம்மம்மாவின் வாயில் கேட்டவை. ஏதோ பழைய காலத்துப் பலகாரங்களின் பெயர்கள்போல அவற்றைக் கேட்டு வளர்ந்தேன். நின்ற இடத்தில் இன்னும் காய்த்துக்கொண்டிருப்பவை என்று தோன்றியதே இல்லை. நொச்சிக்குளம், ஈச்சிலம்பற்று, ஆலங்கேணி என்று ஊர்ப் பெயர்களையும் எனக்குப் பிரித்துக் காட்டினார். பஸ் போர்டில் தினமும் படிப்பவை.

அவர் அன்று காட்டியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது சமண்டலை. சிலர் சாவண்டலை என்பார்கள், சிங்களத்தில் ஹல்மில்ல. வழுவழுப்பான வெளிர்ப்பட்டை, இதயம் மாதிரி இலை, காய்க்குச் செட்டை முளைத்திருக்கிறது, காற்றில் சுழன்று சுழன்று இறங்கும். துடுப்பு, வண்டி, வள்ளம், பீப்பாய் எல்லாவற்றுக்கும் அந்த நாளில் அதுதான். வளையும், முறியாது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதற்கு ஆங்கில வாணிபப் பெயரே 'ட்ரிங்கோமலி வுட்'. எங்கள் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியாகி, சென்னைக் கரையில் அலைக்குள் ஓடிய மசுலாப் படகுகளுக்கும் போயிருக்கிறது. உலகத்துக்கு அது திருகோணமலை மரம். திருகோணமலைக்காரனுக்குத் தெரியாது. ஊர்ப் பெயர் தாங்கிய கப்பல் எனக்குத் தெரியும், அதுதான் வேடிக்கை. எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி, 1817இல் பம்பாயில் கட்டியது, இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. அதைச் சொன்னதும் மாமா, "என்ன மரத்தில செய்தவங்கள்?" என்று கேட்டார். தேக்கு என்றேன். "தேக்கோ" என்று உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு அந்தக் கப்பலில் அத்தோடு ஆர்வம் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கமாக இருந்தாலும். வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலில் சம்பந்தர் பதிகம் பாடிப் பழகியவன் நான். அதில் ஒரு பாட்டில் கோணமாமலையைச் சுற்றியுள்ள பொழிலைச் சொல்லும்போது மௌவல், மாதவி, புன்னை, வேங்கை, செருந்தி, செண்பகம், குருந்து, முல்லை என்று வரிசையாக வரும். சின்ன வயதில் மூச்சு விடாமல் அந்த இடத்தைப் பாடிவிட்டால் பெரிய கெட்டித்தனம். அது மரமும் கொடியுமாக எட்டுப் பெயர் என்று அந்தக் குளக்கட்டில் நின்றபோதுதான் உறைத்தது. சம்பந்தர் இங்கே வரவில்லை, இராமேசுவரத்தில் நின்றபடியே இந்தத் தலத்தைப் பாடினார் என்பது மரபு. கடலுக்கு அந்தப் பக்கம் நின்றவர் எட்டுச் சொல்லியிருக்கிறார். கோயிலடியில் வளர்ந்தவன் ஓடைக்கரையில் வேம்பு என்றேன்.

திரும்பி வரும் வழியில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் மாமா தோளில் தட்டி நிறுத்தச் சொன்னார். வைரவர் கோயிலடி. ஓட்டோக்காரர் நிற்கும் இடம், தேத்தண்ணிக் கடை. நான் பத்து வருடமாகக் கடைக்கு வரும்போது மோட்டார் சைக்கிளை நிறுத்தும் நிழல். மரத்தின் அடியில் சூலம், அதற்கு மஞ்சள் துணி, பட்டையில் குங்குமம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, இறங்கவும் இல்லை. நான் இறங்கிப் போய் ஓர் இலையைப் பறித்து நுனியைப் பார்த்தேன். வெட்டு இருந்தது.

பத்தாவது

பட்டியலில் பத்தாவதாகக் காட்டைச் சேர்க்க வேண்டும் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. "எங்கே போறது, எவ்வளவு காசு, எத்தனை மணிக்கு யானை வரும், மிதிச்சால் யார் பதில் சொல்றது?" என்று நாலு கேள்வி கேட்டார். ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. சிங்கராஜாவில் நுழைவுச்சீட்டு, வழிகாட்டி, பாதை எல்லாம் இருக்கிறது. அந்த ஒழுங்கும் சும்மா வரவில்லை. 1970களில் ஒட்டுப்பலகைக்காக அங்கே மரம் தறித்தார்கள், எதிர்ப்புக் கிளம்பி நிறுத்தினபிறகு வந்தது. எங்கள் பக்கத்தில் ஒதுக்குக் காட்டுக்குள் நினைத்தபடி நுழையவும் முடியாது, நுழைந்தால் யானைக்கும் ஆளுக்கும் நடுவில் யாரும் இல்லை. குளக்கட்டில் நின்று பார் என்று எழுதினால் யார் வருவார்கள்?

எனக்குள்ளேயே ஒரு தயக்கமும் இருந்தது, இன்னும் இருக்கிறது. புறாத்தீவைப் பட்டியலில் போட்டேன். சனம் சனமாகப் போய், பவளத்தில் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். கோட்டை மான்களைப் போட்டேன். அந்த மான்கள் இப்போது பஸ் நிலையத்தடியில் சொப்பிங் பையைச் சப்பிக்கொண்டு நிற்கின்றன. நான் எழுதித்தான் எல்லாம் கெட்டது என்று சொல்லுமளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனாலும் பாலை மரத்தடியில் பிளாஸ்டிக் கோப்பையைக் கற்பனை செய்தால் கை பின்வாங்குகிறது. அதனால் தாள் இன்றைக்கும் ஒன்பதோடுதான் தொங்குகிறது. நான் அதைக் கழற்றவும் இல்லை, கூட்டவும் இல்லை. எரிச்சலோடு கடந்து போகிறேன்.

இந்த ஆனியில் சந்தையடியில் ஓர் அம்மா சாக்கை விரித்துப் பாலைப்பழம் குவித்து வைத்திருந்தா. மஞ்சளாக, வேப்பம்பழத்தை விடச் சற்றுப் பருத்தது. முந்தியெல்லாம் கண்ணில் படாமலே கடந்திருப்பேன். இரண்டு சுண்டு அளந்து வாங்கி, உப்புவெளிக்குக் கொண்டுபோய் வேம்படி மேசையில் வைத்தேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் காலைச் சாப்பாடு முடித்துவிட்டுப் புறாத்தீவுப் படகுக்குக் காத்திருந்தது. அவர்களுடைய மகளுக்கு எட்டு வயதிருக்கும். ஒன்று எடுத்தாள், கண்ணை விரித்தாள், பிறகு கை நிற்கவில்லை. சீனிப் பாணிபோல இனிப்பு. பத்துப் பன்னிரண்டுக்குப் பிறகு பழத்தின் பால் தன் வேலையைக் காட்டியது. உதடு இரண்டும் பசை வைத்ததுபோல ஒட்டிக்கொண்டன. அவள் பயந்து தாயைப் பார்க்க, தாய் என்னைப் பார்க்க, மச்சான் என்னை முறைத்தார். நான் குசினிக்குள் ஓடித் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்தேன். தாய் விரலில் தொட்டு மெதுவாகத் தடவி விட்டா. உதடு பிரிந்ததும் பிள்ளை முதலில் கேட்டது, இது எந்த மரத்தில் காய்க்கும், மரம் எங்கே இருக்கிறது என்று.

வைரவர் கோயிலடிக்கு ஓட்டோவில் பதினைந்து நிமிடம். படகுக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது.